கடல்மேல் போகும் சாலை

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கேத்தாம் தீவுக்குத் தனியார் படகுகள் செல்கின்றன. ஊர் மக்களோடு சுற்றுலாப் பயணிகளும் ஏறுவதால் படகுக்காரருக்குக் கட்டுப்படியாகிறது. கூட்டம் வராத தீவுகளுக்கு யார் படகு விடுவார்?

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் அந்நாளில் வாழ்ந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர். அந்த யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே நெடுந்தீவு இருக்கிறது. சாலை புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிந்துவிடும். அப்பால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். அரிசியும் மருந்தும் படகில்தான் போகவேண்டும்.

பத்துப் பேர் ஏறினாலும் நூறு பேர் ஏறினாலும் எண்ணெய்ச் செலவும் படகோட்டிகளின் சம்பளமும் பெரிதாக மாறுவதில்லை. இலாபம் ஒன்றையே பார்ப்பவர், ஆள் குறைந்த நாளில் படகை நிறுத்திவிடுவார். பிரசவ வலி கூட்டம் பார்த்தா வருகிறது? தோட்டப் பள்ளியில் கற்பிக்கும் நாங்கள் இதை நன்கு அறிவோம். பிள்ளைகள் பத்துப் பேரே ஆனாலும் ஆசிரியர் வேண்டும். ஆகவேதான் இத்தகைய தீவுகளுக்குப் பொதுப் பணத்தில் படகு ஓடவேண்டும்.

நெடுந்தீவு மக்களைப் பல்லாண்டு சுமந்த ‘குமுதினி’ப் படகு, இலங்கை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. சாலை போடும் சபைக்குப் படகு எதற்கு? அத்தீவினருக்குக் கடலே சாலை. 1985 மே 15ஆம் நாள் அப்படகில் சென்ற பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் மக்கள் அதே படகில் ஏறினார்கள். வேறு சாலை அவர்களுக்கு இல்லை.

நம் வீட்டு வாசலில் போட்ட சாலை எவ்வளவு இலாபம் தந்தது என்று நாம் கேட்பதில்லை. தீவுப் படகுக்கும் அந்தக் கணக்கே பொருந்தும்.