கேபின் பேக் எடையில் ஒரு வாழ்க்கை: மார்மன்களின் 2,000 கி.மீ. நடை

உள்நாட்டு விமானத்தில் கையில் எடுத்துச் செல்ல நமக்குப் பொதுவாக 7 கிலோ வரை அனுமதி. 1856-இல் அமெரிக்காவின் மேற்கு நோக்கிப் புறப்பட்ட மார்மன்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்: பெரியவர் ஒருவருக்கு 17 பவுண்ட், அதாவது 7.7 கிலோ. துணி, படுக்கை, பாத்திரம் எல்லாம் அதற்குள். அதன்பிறகு, அயோவா சிட்டியிலிருந்து சால்ட் லேக் சிட்டிவரை 2,000 கி.மீ.க்கும் மேல் நடை.

யார் இவர்கள்?

ஜோசப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபையைச் சேர்ந்தவர்கள். 1844-இல் ஒரு கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக்கொன்றது. பிறகு பிரிகாம் யங் தலைமையில் 1847-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். அங்கே போய்ச் சேர்வதே ஒரு மதக் கடமை ஆனது.

ஏன் கைவண்டி?

காசு இல்லை, அவ்வளவுதான். ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகளுக்குக் கடன் கொடுத்த சபை நிதியும் வறண்டிருந்தது. மாட்டு வண்டியைவிடக் கைவண்டி மலிவு.

ஒரு நாள் எப்படி இருந்தது?

காலையும் மாலையும் பிரார்த்தனை. வண்டிக்கு சுமார் 5 பேர், கூடாரத்துக்கு 20 பேர். பெரியவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பவுண்ட் மாவு. சரியாகக் காயாத மரத்தில் செய்த வண்டிகள் வழியெல்லாம் உடைந்தன.

எங்கே தப்பு நடந்தது?

அந்த ஆண்டு வில்லி, மார்ட்டின் தலைமையிலான இரண்டு குழுக்கள் தாமதமாகக் கிளம்பின. ஆகஸ்டில் லீவை சாவேஜ் என்பவர், பனிக்காலம் முடிந்து போகலாம் என்று எச்சரித்தார். நம்பிக்கை போதவில்லை என்று அவரையே கடிந்துகொண்டார்கள். அவரோ, பாதிப்பு வந்தால் சேர்ந்தே அனுபவிப்போம் என்று உடன் நடந்தார்.

அக்டோபர் 17-இல் மார்ட்டின் குழு சுமையைக் குறைக்கப் போர்வைகளையும் துணிகளையும் விட்டுவிட்டது. இரண்டே நாளில் பனி கொட்டியது. சால்ட் லேக்கிலிருந்து உணவு வண்டிகள் ஏற்கெனவே கிளம்பியிருந்தாலும், இரு குழுக்களிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எண்கள் சொல்வது என்ன?

1856 முதல் 1860 வரை 10 கைவண்டிக் குழுக்கள், சுமார் 3,000 பேர். மற்ற 8 குழுக்களும் பெரிய சேதமின்றிச் சேர்ந்தன. எல்லோரும் இழுத்தது அதே மாதிரி வண்டிதான். ஜெபித்ததும் அதே கடவுளிடம்தான். வித்தியாசம், கிளம்பிய தேதி. அதைச் சரியாகச் சொன்னவரைத்தான் நம்பிக்கை குறைந்தவர் என்றார்கள்.