கேஸ் தீராது, கசியும்: கார் ஏசியில் ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இன்னைக்கு எபிசோடு கார் ஏசி பத்தி.

மே மாசம், உச்சி வெயில். சென்னையில இருந்து கிளம்பின வண்டி திண்டிவனம் தாண்டினதும் ஏசியில வெறும் காத்துதான் வருதுன்னு வைங்க. விழுப்புரத்துக்கு இன்னும் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். பின் சீட்டில் வயசானவங்களும் கைக்குழந்தையும். ரோட்டோர ஷெட்டில் நிறுத்தினா, பானெட்டைத் திறக்கறதுக்குள்ள ஒரு பதில் வரும்: "கேஸ் தீந்துடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்."

இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வர்ற பொருள். கம்ப்ரஸர் அதை அழுத்தும். முன்னாடி இருக்கிற கண்டென்ஸரில் அது சூட்டை வெளியே விட்டு திரவமாகும். டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகி, காருக்குள்ள இருக்கிற சூட்டை இழுத்துக்கும். சில வருஷத்துல ரப்பர் ஹோஸ், சீல் வழியா கொஞ்சம் குறையறது இயல்பு. ஆனா போன மாசம் போட்ட கேஸ் இந்த மாசம் இல்லைன்னா, எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம்.

அதுக்கு முன்னாடி, லீக் இல்லாத ரெண்டு விஷயத்தைத் தள்ளி வச்சிடுவோம். வண்டிக்கு அடியில சொட்டற சுத்தமான தண்ணி லீக் இல்ல. காத்துல இருக்கிற ஈரம் கூலிங் காயிலில் பட்டு வடியுது, அவ்வளவுதான். அதே தண்ணி உள்ள கால் மிதியில வந்தா, டிரெயின் பைப் அடைச்சிருக்கலாம். கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ரெண்டாவது, விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில நிக்கும்போது மட்டும் கூலிங் போய், வண்டி ஓடினதும் திரும்ப வருதா? முதல்ல கண்டென்ஸர் ஃபேனைப் பாருங்க.

சரி, நிஜமாவே லீக்னா எங்க தேடறது? கேஸோட சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் குழாய்க்குள்ள சுத்துது. அதனால ஓட்டை இருக்கிற இடத்துல பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும், அதுல ஒட்டின தூசியும் இருக்கும். குழாய் இணைப்புகள்ல இருக்கிற ஓ-ரிங், ஹோஸ் ஓரம், கேஸ் ஏத்துற வால்வு, கம்ப்ரஸரோட முன்பக்க சீல் இதெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். ஹைவேயில ஓடற வண்டின்னா கண்டென்ஸரை விடாதீங்க. கல் தெறிச்சா முதல் அடி அதுக்குத்தான். மரக்காணம் பக்கம் உப்புக் காத்துல அடிக்கடி நிக்கிற வண்டின்னா அலுமினியம் அரிக்கவும் வாய்ப்பிருக்கு.

கண்ணுக்குத் தெரியலைன்னா, நைட்ரஜன் ஏத்தி சோப்புத் தண்ணி தடவலாம். குமிழி வர்ற இடம்தான் ஓட்டை. ரொம்ப மெதுவா கசிஞ்சா, கேஸோட சாயம் கலந்து விட்டு, சில நாள் கழிச்சு புற ஊதா விளக்கு அடிச்சுப் பார்ப்பாங்க. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதால, ஏசி காத்து வர்ற வழியில எலக்ட்ரானிக் டிடெக்டரை வச்சுப் பார்க்கணும்.

ஒரு முக்கியமான விஷயம். வண்டி நிக்கும்போது கேஜ் காட்டற அளவை வச்சு கேஸ் எவ்வளவு இருக்குன்னு சொல்ல முடியாது. ஆர்-134ஏ கேஸுக்கு 35 டிகிரி சூட்டில் கேஜ் சுமார் 115 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ள துளி திரவம் மிச்சமிருந்தாலும் அதே அளவுதான்! அதனால சரியான வழி, பழைய கேஸை மெஷினில் இழுத்து, ஓட்டையை அடைச்சு, வேக்கம் போட்டு உள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் எடுத்துட்டு, பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கிராம் கணக்குக்கு எடை போட்டு ஏத்தறதுதான்.

ஓட்டையை அடைக்காம ஃபில் பண்ணா என்ன நஷ்டம்? முதல்ல உங்க காசு. அடுத்து கம்ப்ரஸர், ஆயில் குறைஞ்சா அது தேஞ்சு போகும், அதை மாத்தற செலவு பெருசு. மூணாவது, நம்ம எல்லாருக்கும் பொதுவான காத்து. பழைய கார்கள்ல இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரிச்சதால, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அதை ஒதுக்கிட்டு ஆர்-134ஏ வந்துச்சு. இது ஓசோனை அரிக்காது. ஆனா ஒரு கிலோ வெளியேறினா, 100 வருஷக் கணக்குல சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு பூமியைச் சூடாக்கும். சின்னக் காரில் அரை கிலோ இருக்குன்னு வைங்க. அது மொத்தமா கசிஞ்சா, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தர்ற பெட்ரோல் கார் சென்னையில இருந்து விழுப்புரத்துக்கு 14 தடவை போய்வந்த புகைக்குச் சமம். இந்த வகை கேஸ்களைக் குறைக்கற 2016 கிகாலி திருத்தத்தை இந்தியாவும் 2021-ல் ஏத்துக்கிட்டது.

அன்னைக்கு வழியில நின்னுட்டா என்ன பண்றது? ஏசியை அணைச்சுட்டு ஜன்னலைத் திறங்க, நிறைய தண்ணி குடிங்க. இன்ஜின் சூட்டு முள்ளையும் பாருங்க. கண்டென்ஸருக்குப் பின்னாடிதான் ரேடியேட்டர் இருக்கு, அதே கல் அதையும் பதம் பார்த்திருக்கலாம். முள் ஏறலைன்னா வீடு வரைக்கும் ஓட்டிட்டுப் போகலாம்.

அப்புறம் பெரிய சர்வீஸ் சென்டரோ சின்ன ஷெட்டோ, கேஸ் சிலிண்டரை எடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: "அண்ணா, லீக் எங்கன்னு காட்டுறீங்களா? வேக்கம் எவ்வளவு நேரம் போடுவீங்க? எத்தனை கிராம் ஏத்துவீங்க?" மூணுக்கும் நேரா பதில் சொல்றவர்கிட்ட தைரியமா சாவியைக் கொடுங்க.