கடிக்கும் கிளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கரத்தில் நாள்தோறும் ஒரு புதுக் கிளி அமர்கிறது. அதன் உடல் மரவள்ளி இலை, அலகு மாதுளம்பூ. பூவினாலான அலகு யாரையும் கடிப்பதில்லை. நம் வீட்டுக் கூண்டிலுள்ள கிளியின் அலகோ வேறு விதமானது. ராசிபுரத்தைச் சுற்றியுள்ள சோளக் காடுகளில் கதிர் முற்றும் காலத்தில் கிளிக் கூட்டம் இறங்கினால் என்ன நேரும் என்பதை நம் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். சோளத்தையும் வேர்க்கடலையையும் நொடியில் உடைக்கும் அந்தக் கருவி, ஒரு குழந்தையின் விரலில் பதிந்துவிட்டால் வீடு முழுவதும் அல்லோலகல்லோலப்படும். உடனே தீர்ப்பும் பிறக்கும்: "இது பொல்லாத கிளி!" அந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்று சற்று விசாரித்துப் பார்ப்போம்.

விசாரணைக்கு முன் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் கடலூர் அருகே ஒரு கிளி ஜோசியரிடமிருந்து வனத்துறையினர் கிளிகளைக் கைப்பற்றிய செய்தியைப் பலர் படித்திருக்கலாம். அத்தகைய கிளி வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. ஆகையால் ஜன்னலைத் திறந்து விட்டுவிடுவது தர்மமாகாது. கடைக்காரர்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கும் பட்ஜிகள், காக்கட்டீல், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகியவை அயல்நாட்டு இனங்கள். இவற்றுள் சாம்பல் கிளியை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இனி நாம் பேசப்போவது இந்த அயல்நாட்டு விருந்தாளிகளைப் பற்றியே.

கிளிக்கு அலகு வெறும் வாய் அன்று. அதுவே அதன் கையும் ஆகும். ஏறுவதற்கும், பற்றுவதற்கும், ஒரு பொருள் மெதுவானதா கடினமானதா என்று அறிவதற்கும் அது அலகையே நம்பியிருக்கிறது. புதிய கிளையில் கால் வைக்குமுன் அலகினால் பிடித்து, அது தன் பாரத்தைத் தாங்குமா என்று சோதிக்கும். நாம் விரலை நீட்டும்போதும் அப்படியே செய்கிறது. அதைக் கடி என்று எண்ணி நாம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறோம். பறவை தடுமாறுகிறது. இந்தக் கிளை ஆடும் கிளை என்று அறிந்துகொண்டு, அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. குஞ்சுப் பருவத்தில் அது எதையும் கவ்விப் பார்ப்பது, தவழும் குழந்தை எதையும் வாயில் போட்டுக்கொள்வதைப் போன்றதே.

உண்மையான கடி பெரும்பாலும் பயத்தில் பிறக்கிறது. கிளி பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகிற பிராணி. ஆபத்து வந்தால் பறந்து தப்புவதே அதன் சுபாவம். நாமோ சிறகை வெட்டிவிடுகிறோம். அல்லது கூண்டின் மூலையில் அதை ஒடுக்கிவிட்டுக் கையை உள்ளே நுழைக்கிறோம். ஓட வழியில்லாதபோது எஞ்சியிருக்கும் ஆயுதம் அலகு ஒன்றுதான்.

ஆயினும் கிளி திடீரென்று கடித்துவிடுவதில்லை. அதற்கு முன்பே பல வகையில் தன் மனத்தைத் தெரிவிக்கிறது. முதலில் உடலைச் சாய்த்து விலகுகிறது. பிறகு அசைவற்று விறைத்து நிற்கிறது. பிடரிச் சிறகுகள் சிலிர்க்கின்றன. வால் விசிறிபோல் விரிகிறது. வெளிறிய கண் படைத்த இனங்களில் கருமணி சட்டென்று சுருங்கி விரிவதையும் காணலாம். கிளி மகிழ்ச்சியிலும் கண்ணை அவ்வாறு செய்வதுண்டு. எனவே மற்ற அடையாளங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இவ்வளவையும் கவனியாமல் கையை இன்னும் அருகே கொண்டு போனால், கடைசியில் அலகு பேசுகிறது. அப்போதுதான் கை விலகுகிறது!

இங்கேதான் நாம் அறியாமலே ஆசிரியர்களாகிவிடுகிறோம். எந்தச் செயலால் நன்மை கிட்டுகிறதோ அந்தச் செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பதை, அமெரிக்க உளநூல் அறிஞர் தார்ன்டைக் பூனைகளைக் கொண்டு செய்த சோதனைகளை 1898ஆம் ஆண்டில் வெளியிட்டு எடுத்துக்காட்டினார். விலகிச் சாய்ந்தபோது பயனில்லை, சிலிர்த்தபோது பயனில்லை, கடித்தபோது மட்டும் பயன் கிட்டியது. அறிவுள்ள கிளி என்ன செய்யும்? முன்னுரைகளையெல்லாம் விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். கூச்சலிடுவது, அலகில் தட்டுவது, நீரைத் தெளிப்பது ஆகிய தண்டனைகள் கை என்றாலே பயம் என்பதைத்தான் உறுதிப்படுத்தும். பிரம்புக்கு அஞ்சும் மாணவன் கணக்கைக் கற்பதில்லை, பிரம்புக்குத் தப்பும் வழியைத்தான் கற்கிறான் என்பது பள்ளிக்கூடத்தில் பழகியவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அம்மையார் 1977ஆம் ஆண்டில் சிகாகோ நகர்ப் பக்கத்துக் கடையொன்றில் ஒரு சாம்பல் கிளியை வாங்கி, 'அலெக்ஸ்' என்று பெயரிட்டு, அது 2007இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் பயிற்றினார். நிறங்களையும் பொருள்களையும் பெயர் சொல்லி அறிந்த அந்தக் கிளி, 'வேண்டாம்' என்றும் சொல்லும். பாடம் அலுத்தால் தன் இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமென்று கேட்கும். வாய்மொழி கற்காத நம் வீட்டுக் கிளியும் அதே 'வேண்டாம்' என்பதைச் சிறகால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மெல்லிய மறுப்புக்கு நாம் செவி சாய்த்தால், கடி என்னும் உரத்த மறுப்புக்கு வேலையில்லை.

பழக்கும் உபாயத்தைக் கிளி ஜோசியத்திலேயே கண்டிருக்கிறோம். கிளி சீட்டை எடுத்தது நம் எதிர்காலத்தை அறிந்து அன்று, நெல்மணியைக் கருதியே. கிளிக்கு மிகவும் பிடித்த உணவு ஒன்றைத் தட்டில் வைக்காமல் நம் கையால் மட்டும் கொடுக்க வேண்டும். சூரியகாந்தி விதை சில போதும், கொழுப்பு மிகுந்தது. கொய்யாத் துண்டும் தரலாம். மிளகாய்ப் பழமும் தரலாம், அதன் காரம் பறவைக்கு உறைப்பதில்லை. முதலில் சில நாட்கள் கூண்டுக்கு வெளியிலிருந்தே கொடுத்து, அது விலகிச் சாயுமுன் கையை எடுத்துவிட வேண்டும். பயம் தெளிந்தபின் ஒரு குச்சியை அதன் மார்புக்குக் கீழே நீட்டி 'ஏறு' என்று சொல்ல வேண்டும். ஏறினால் உடனே பரிசு. பிறகு குச்சியருகே கை, அதன்பின் கை மட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷமே போதும். தோளில் ஏற்றிக்கொள்வதை இப்போதைக்குத் தவிர்க்க வேண்டும்; அங்கே அதன் கண்ணும் சிறகும் நமக்குத் தெரியா.

இவ்வளவுக்கும் இடையே கடித்துவிட்டால், கையை உதறாமல், கூச்சலிடாமல், அருகிலுள்ள கொம்பில் அதை மெல்ல இறக்கிவிட்டுச் சில வினாடிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஆழமாக இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் அணுகியபோது கடித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் காரணம் தானே புலப்படும். கூடு கட்டும் பருவத்தில் கூண்டைக் காக்கும் குணம் ஓங்கும். அப்போது முதுகைத் தடவுவதும் இருண்ட பெட்டிகளை வைப்பதும் கூடா. இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் இல்லாவிட்டாலும் சிடுசிடுப்பு வரும். தொலைக்காட்சிப் பெட்டிக்கருகே கூண்டை வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சாதுவான கிளி திடீரென்று கடிக்கத் தொடங்கினால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். ராசிபுரத்தாருக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது.

வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு ஒரே ஒரு விதியைக் கற்பித்தால் போதும்: கிளி சாய்ந்தால் கை இறங்க வேண்டும். வாயில்லாப் பிராணியின் மறுப்பை மதிக்கப் பழகும் குழந்தை, தம்பி தங்கையரின் மறுப்பையும் மதிக்கும்.