கொதிப்பும் காற்புண்ணும்

காலில் ஆறாத புண்ணொன்றைக் கண்டால் நரம்புச் சுருட்டு என்போம், நீரிழிவு என்போம். இரத்தக் கொதிப்பை நினைப்பவர் அரியர். பார்சிலோனா நகரத்து மருத்துவர் பெர்னாண்டோ மார்ட்டோரெல், கொதிப்புற்ற நான்கு மாதரின் கால்களில் கண்ட புண்களை 1945-ஆம் ஆண்டில் விவரித்தார். அவர் பெயராலேயே அப்புண் இன்றும் வழங்குகிறது.

வகுப்பறை முறையில் சொல்கிறேன். ஆற்றில் நீர் நிறைய ஓடுகிறது. வயலுக்குப் பாயும் மடையோ தூர்ந்துவிட்டது. பல்லாண்டு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கிய நுண்தமனிகளின் சுவர் தடித்து, உள்வழி குறுகுகிறது. ஆகவே பாதத்தில் நாடி நன்கு துடித்தாலும் தோல் குருதியின்றி மடிகிறது. பெரும்பாலும் கணைக்காலின் வெளிப்புறத்தில், குதிகாலுக்குச் சற்று மேலே, கருஞ்சிவப்புப் புள்ளியாகத் தோன்றி, ஊதா நிற விளிம்புடன் பரவும். புண் சிறிது, வலியோ உறக்கத்தையே கெடுக்கும்.

என் வயதினர் வலியை வெளியிற் சொல்ல நாணுவர். இந்நோயில் அது கேடு. புண்ணின் அளவுக்கு மிஞ்சிய அவ்வலியே மருத்துவருக்கு முதற் குறிப்பு.

பயோடெர்மா கேங்கிரினோசம் என்றொரு நோயும் இதே தோற்றமுடையது. அதற்கு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தருவர். கத்தி வைக்கத் தயங்குவர். இதற்கோ முறை வேறு: அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, மடிந்த தசையை அகற்றி, தோல் ஒட்ட வேண்டும். மாறிக் கொண்டால் அந்த மருந்தே நச்சுக்கிருமி பரவ இடம் தரும். எனவே ஐயமிருப்பின் புண்ணின் விளிம்பிலிருந்து ஆழமாகத் துணுக்கெடுத்துச் சோதிப்பர். ஒட்டிய தோல் பற்றிக்கொண்டபின் வலி விரைவில் தணிவதுண்டு.