ஊவா மலைச்சாரலிலே – 12: குறியும் விநாடியும்

சென்ற வாரம் அப்புத்தளைக் கணவாயின் பனிமூட்டத்திலே வாசகர்களை நிறுத்திவிட்டு வந்தேன். அங்கிருந்து இறங்குமுன், பதுளையில் அரசாங்க உதவி ஏஜண்டாக உத்தியோகம் பார்த்தவரும், ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று சரித்திரக்காரர் எழுதிவைத்திருப்பவருமாகிய மேஜர் ராஜர்ஸ், 1845ஆம் ஆண்டில் அப்புத்தளை வாடிவீட்டருகே இடி விழுந்து மாண்டதைக் குறிப்பிடாமல் போவது நியாயமன்று. அந்தத் தொகையைச் சாமர்த்தியத்தின் கணக்காக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கீழே தியத்தலாவை. இன்று இராணுவ அக்கடமி விளங்கும் இப்பத்தனைக் குன்றுகளிலேதான், தென்னாபிரிக்காவில் ஆங்கிலப் பட்டாளத்தைத் தம் குறி தவறாத துவக்குகளால் திணறடித்த போயர் உழவர்களுள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர், 1900ஆம் ஆண்டு முதல் முட்கம்பிக்குள்ளே சிறையிருந்தனர். அதே ஆண்டில் தோட்டத் துரைமார் தமக்கென ஒரு தொண்டர் துவக்குப் படையை அமைத்து, 1949இல் அது கலைக்கப்படும்வரை வெள்ளையரை மட்டுமே அதில் சேர்த்துக்கொண்டார்கள். லயத்தில் வாழ்ந்தவனுக்குத் துவக்கு என்பது துரை பங்களாவுக்கு உரிய வஸ்து. அவன் அறிந்தது அதன் சத்தத்தை மாத்திரமே.

ஆகையால், செய்முறைத் துப்பாக்கிப் போட்டி என்னும் நூதன விளையாட்டில் முதன்முதலாக இறங்க விரும்பும் நம்மவர் ஒருவருக்குப் பரம்பரைப் பழக்கம் ஒன்றும் துணையில்லை. அதனால் நஷ்டமுமில்லை என்பது என் அபிப்பிராயம். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே, ஜெஃப் கூப்பரைத் தலைவராகக் கொண்டு சர்வதேச அமைப்பாக உருப்பெற்ற இவ்விளையாட்டில், ஓரிடத்தில் அசையாமல் நின்று ஒரே வட்டத்தைக் குறிபார்க்கும் வழக்கம் இல்லை. தடுப்புகளின் மறைவிலிருந்தும், நடந்தும், ஓடியும், அட்டை உருவங்களையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். பெற்ற புள்ளிகளைச் செலவான விநாடிகளால் வகுத்து வருவதே பெறுபேறு.

வேகந்தான் பிரதானம் என்று புதியவர் மயங்குவது இங்கேதான். ஆறு அட்டைகள், அட்டைக்கு இரண்டாகப் பன்னிரண்டு வெடிகள், நடுப்பகுதிக்கு ஐந்து புள்ளி என்று வைத்துக்கொள்வோம். நிதானமாக முப்பது விநாடியில் ஐம்பத்து நான்கு புள்ளி எடுத்தவருக்கு 1.8 கிடைக்கும். இருபதே விநாடியில் முடித்தவர், பட்ட பத்து வெடிகளால் நாற்பத்து நான்கு புள்ளி எடுத்திருந்தாலும், தவறிய இரண்டுக்குத் தலா பத்துக் கழியவே, 1.2 உடன் நிற்பார்.

இதற்கும் மேலான சட்டங்கள் சில உண்டு. துவக்கின் வாய் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிப் பின்புறம் திரும்பினாலும், நகரும்போது விரல் விசைக் காப்புக்குள்ளே இருந்தாலும், ஆயுதம் கைதவறி விழுந்தாலும், எத்தகைய சூரரானாலும் அன்றைய போட்டி முழுவதிலிருந்தும் விலக்கப்படுவார். சமாதானம் சொல்லி மீளமுடியாது. ராஜர்ஸின் காலத்து வேட்டைக்கு இப்படியொரு நடுவர் இருந்ததில்லை.

வெடிப்பதற்குச் செலவாகும் நேரமோ சொற்பம். எஞ்சிய பகலெல்லாம் மற்றவர்கள் சுட்ட அட்டைகளின் துளைகள்மீது காகிதத் துண்டு ஒட்டுவதிலேயே கழியும். இதை அலுப்பான ஊழியமென்று எண்ணி நிழலில் ஒதுங்கும் புதியவர்கள் உண்டு. ஆனால் எவர் அவசரப்பட்டார், எவர் கால் நிலைகொள்ளுமுன் விசையை இழுத்தார், எவருடைய இரண்டு குண்டுகளும் அடுத்தடுத்துப் பாய்ந்தன என்பதையெல்லாம், ஒட்டுகிற கைக்கு அந்த அட்டையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.