சீட்டும் பெறுமதியும்: போக்கர்ச் சுற்றுப்போட்டியிற் சிறுகுவியலின் நிலை பற்றி ஒரு நோக்கு

1

தமிழிலே ‘சீட்டு’ என்னும் சொல் மூன்று வேறுபட்ட சமூக உறவுகளைச் சுட்டி நிற்கின்றது. கண்டி நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே நிற்பவர் முதலிற் காண்பது அதிர்ஷ்டலாபச் சீட்டு. 1963 இல் தேசிய லொத்தர் சபை தோன்றிய காலந்தொட்டு அரசே நடத்திவரும் விற்பனை அது. இரண்டாவது, நகரத்துக் கடைச் சிப்பந்திகளும் சுற்றுப்புறத் தோட்டங்களின் பெண்களும் மாதந்தோறும் பிடிக்கும் சீட்டு. மூன்றாவது, விடுதி அறைகளில் இரவு நெடுநேரம் ஆடப்படும் சீட்டு. ஒரே சொல் மூன்றையும் குறிக்க நேர்ந்தது காகிதத் துண்டு என்னும் பொதுமையினாலேயாம். ஆயினும் மூன்றிலும் ஒரு வினா மறைந்து கிடக்கின்றது: கையிலே குறைவாக உள்ளவன் அக்குறைவைக் கொண்டு என்ன செய்வது?

இவ்வினாவை மிகத் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. சிறுதொகை நுழைவுக் கட்டணத்துடன் நடைபெறும் போக்கர்ச் சுற்றுப்போட்டியே அது. ஈழத்தமிழரிடையே பரவலாக வழங்கும் முந்நூற்றுநான்கு என்னும் ஆட்டத்தை அறிந்த நம்மவர்க்குப் போக்கர் அந்நியமாகத் தோன்றலாம். கட்டிலுள்ள புள்ளிகளின் மொத்தத்தாற் பெயர்பெற்ற முந்நூற்றுநான்கு கூட்டாளியுடன் ஆடப்படுவது. தோற்றவர் மறுபடியும் அமர்ந்து ஆடலாம். போக்கரிலோ கூட்டாளி இல்லை. எனினும் கைத்தொலைபேசி வழியாக அவ்வாட்டம் இன்று இளைஞரிடம் வந்து சேர்ந்துவிட்டமையால், அதன் உள்ளமைப்பை விளங்கிக்கொள்ளல் பயனற்ற முயற்சியன்று. அவ்விளக்கத்தைத் தருதலும், அதனின்று பெறப்படும் சில சமூக, இலக்கிய முடிபுகளைச் சுட்டுதலுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

விளக்கத்தின் பொருட்டு ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்வோம். இருபது பேர் சேர்ந்து ஒரு சுற்றுப்போட்டி ஆடுகின்றனர். ஒவ்வொருவரும் 550 ரூபா செலுத்துகின்றனர். அதில் 500 ரூபா பரிசுத் தொகைக்கும் 50 ரூபா நடத்துவோருக்கும் சேரும். ஒவ்வொருவருக்கும் 1,500 ஆட்டக்காய்கள் வழங்கப்படுகின்றன. ஆடுவோர் இவற்றைச் ‘சிப்’ என்பர். காய்களைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறமுடியாது; காய் முழுவதையும் இழந்தவர் வெளியேறுவார். இறுதிவரை நிற்போருள் முதலாமவருக்கு 5,000, இரண்டாமவருக்கு 3,000, மூன்றாமவருக்கு 2,000 ரூபா உரியது. நான்காமவருக்கு ஒன்றுமில்லை.

ஆட்டம் நடந்து நால்வர் எஞ்சியுள்ளனர் எனக் கொள்வோம். அ என்பவரிடம் 12,000 காய்கள்; ஆ விடம் 9,000; இ யிடம் 6,000; ஈ யிடம் 3,000. இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்றை மூவருக்கும் பணம் உறுதி. இக்கட்டத்தைப் போக்கர் ஆடுவோர் ‘பபிள்’, அதாவது குமிழி, என்பர். எந்நேரமும் உடையக்கூடியது என்பதே பொருள்.

இந்நிலையில் ஈ யின் 3,000 காய்கள் எத்தனை ரூபா பெறும்? மொத்தக் காய்களிற் பத்திலொன்று அவரிடம் இருப்பதால் மொத்தப் பணமாகிய 10,000 ரூபாவிற் பத்திலொன்று, அதாவது 1,000 ரூபா, என்று விடை கூறத் தோன்றும். அது பிழை. ஈ முதலிடம் பெறும் நிகழ்தகவு பத்திலொன்றுதான். ஆனால் அவர் இரண்டாமிடமோ மூன்றாமிடமோ பெறுதலும் கூடும். ஒவ்வோரிடத்துக்கும் உரிய நிகழ்தகவைக் காய்களின் விகிதப்படி கணித்துப் பரிசுத் தொகையாற் பெருக்கிக் கூட்டினால் ஈ யின் பங்கு ஏறத்தாழ 1,332 ரூபா ஆகின்றது. அவ்வாறே இ யின் பங்கு 2,359. ஆ வின் பங்கு 2,949. காய்களில் நாற்பது வீதத்தை வைத்திருக்கும் அ வின் பங்கோ 4,000 அன்று, 3,360 மட்டுமே. சுருங்கக் கூறின், ஏழையின் காய் ஒன்று செல்வனின் காய் ஒன்றைவிடப் பெறுமதி மிக்கது.

இக்கணிப்பு முறை வானத்திலிருந்து குதித்ததன்று. முடிவுறாத ஆட்டத்தின் பணயத்தை எங்ஙனம் பங்கிடுவது என்னும் வினாவை இத்தாலியரான லூக்கா பச்சியோலி 1494 இல் வெளிவந்த தம் கணித நூலில் எழுப்பினார். அதற்குச் சரியான விடை 1654 இல் பஸ்கால், பெர்மா என்னும் இருவரிடையே நிகழ்ந்த கடிதத் தொடர்பிற் பிறந்தது. நிகழ்தகவுக் கணிதத்தின் தோற்றுவாயும் அதுவே. பங்காளிகள் இலாபத்தைப் பிரித்துக்கொள்ளும் வணிக உலகமே இவ்வினாவுக்குப் பின்புலமாக அமைந்தது என்பது நோக்கத்தக்கது. 1973 இல் ஹார்வில் என்னும் புள்ளிவிவரவியலாளர் பலர் பங்குகொள்ளும் போட்டிகளுக்கு ஒரு கணிப்பு முறையை வகுத்தார். 1987 இல் மேசன் மல்மூத் அத்தகைய கணிப்பைப் போக்கர்ச் சுற்றுப்போட்டிக்குப் பொருத்தி எழுதினார்.

3

இனி முடிவெடுத்தலுக்கு வருவோம். தன் காய் முழுவதையும் ஒரேயடியாகப் பணயம் வைப்பதை ‘ஓல்-இன்’ என்பர். பெருங்குவியலுடைய அ இவ்வாறு வைத்து அறைகூவுகிறார். ஈ அதனை ஏற்பதா, சீட்டை விட்டுவிடுவதா? கட்டாயப் பந்தயங்களைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்து நோக்குவோம். ஏற்று வென்றால் ஈ யின் காய் 6,000 ஆக இரட்டிக்கும். பணப் பெறுமதியோ இரட்டிப்பதில்லை. 1,332 இலிருந்து 2,179 ஆகவே உயரும். தோற்றால் எல்லாம் போயிற்று. ஆகவே ஏற்பதற்கு அவர் நூற்றுக்கு ஐம்பதல்ல, 61 தடவைகளேனும் வெல்லக்கூடிய சீட்டை வைத்திருத்தல் வேண்டும். உதாரணமாக, அவரிடம் இரண்டு எட்டுகள் இருக்க, எதிரியிடம் ஏசும் ராஜாவும் உள்ளன என்று தெளிவாகத் தெரிந்தாற்கூட, வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 55 வீதமேயாம். காய்க்கணக்கில் அது இலாபம், பணக்கணக்கில் நட்டம்.

இதே நிலைமையில் இ இருந்தால் அவருக்கு வேண்டியது 70 வீதம். தம்மினும் வறியவரான ஈ முதலில் வெளியேறக்கூடும் என்னும் எதிர்பார்ப்பே அவருடைய உடைமை. வீண் துணிச்சலால் அதனை இழக்க அவர் விரும்பார். மறுதலையாக, ஈ தன் 3,000 காய்களையும் வைத்து அறைகூவும்போது அ அதனை ஏற்க ஏறத்தாழ 53 வீதம் போதும். தோற்றாலும் அவர் ஆட்டத்திலே நிற்பார்.

53, 61, 70 என்னும் இம்மூன்று எண்களே இக்கட்டுரையின் மையம் எனலாம். ஆட்டவிதி அனைவருக்கும் ஒன்று. சீட்டுக் கட்டும் ஒன்று. ஆயினும் துணிவின் விலை ஒவ்வொருவருக்கும் வேறாக உள்ளது. மிக அஞ்சவேண்டியவர் அடித்தட்டில் நிற்பவரல்லர், இடையில் நிற்பவரே என்பதும் ஊன்றி நோக்கத்தக்கது. மேலும் கீழும் பார்த்துத் தயங்கும் இடைத்தர வர்க்கத்தின் மனநிலையைக் குணக்கேடாக மட்டும் விளக்கமுற்படுவோர்க்கு இவ்வெண்கள் ஒரு திருத்தமாக அமையும். தயக்கம் நிலைமையிலிருந்து பிறக்கின்றது.

அங்ஙனமாயின் ஈ கைகட்டிக் காத்திருப்பதே தகுமோ? அன்று. காத்திருத்தலுக்கும் விலை உண்டு. ஒதுக்கிவைத்த கட்டாயப் பந்தயங்கள் இங்கேதான் முக்கியமாகின்றன. ‘பிளைண்ட்’ எனப்படும் இவை, சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் முறைப்படி வைக்கவேண்டிய காய்கள். நேரம் செல்லச்செல்ல உயர்த்தப்படுவன. அவை 300 உம் 600 உம் ஆக இருப்பின், நால்வர் மேசையில் நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை ஈ 900 காய்களைச் செலுத்தவேண்டும். மூன்று சுற்றில் அவருடைய குவியல் அநேகமாகக் கரைந்துவிடும். வாடகையும் வட்டியும் போல அது ஒருவர் சும்மா இருக்கையிலும் தின்றுகொண்டிருக்கும்.

ஆகவேதான் ஏற்பதற்கும் தானே முதலில் வைப்பதற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டாகின்றது. பிறர் வைத்ததை ஏற்பவர் சீட்டால் மட்டுமே வெல்லமுடியும். முதலில் வைப்பவரோ இருவழியில் வெல்லலாம்: எதிரிகள் அஞ்சி விட்டுவிட்டால் மேசையிலுள்ள 900 காய்கள் போராட்டமின்றியே அவருடையவை, ஏற்றாலும் சீட்டு கைகொடுக்கலாம். 3,000 இலிருந்து 3,900 ஆவது சிறு வளர்ச்சியன்று. குவியல் எதிரியைச் சிறிதும் நோகடிக்க முடியாத அளவுக்குச் சுருங்குமுன் இதனைச் செய்தல் வேண்டும். இன்னொருவர் தம்மிலும் மோசமான நிலையில், அடுத்த கட்டாயப் பந்தயத்திலேயே அழியவிருப்பாராயின் பொறுத்திருத்தலே தகும். அறைகூவத் தகுந்தவரும் பெருஞ்செல்வரல்லர். இழக்க அஞ்சும் இடைநிலையாளரே. ஏற்பதில் இறுக்கம், முந்துவதில் துணிவு, காலம் அறிதல் ஆகிய மூன்றுமே சிறுகுவியலாளரின் உபாயம்.

இக்கணிப்புக்கு வரையறைகளும் உண்டு. நால்வரும் சமதிறன் உடையோர் எனவே அது கொள்கின்றது. அடுத்துக் கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டியவர் யார் என்பதை அது பார்ப்பதில்லை. எனவே இதனை அளவுகோலாகக் கொள்ளலாமேயன்றி வேதவாக்காகக் கொள்ளலாகாது.

4

வறியவனின் கணக்கு வேறு என்பதை 1738 இலேயே டானியல் பேர்ணூலி எடுத்துரைத்தார். இருபதினாயிரம் நாணயமோ ஒன்றுமின்மையோ சம வாய்ப்பிற் கிடைக்கும் சீட்டொன்றைப் பெற்ற ஏழை அதனை ஒன்பதினாயிரத்துக்கு விற்றுவிடுதல் மடமையன்று என்பது அவர் வாதம். செல்வன் அதனை வாங்க மறுத்தாலே மடமை. ஆபத்தைத் தாங்கும் ஆற்றலே ஓர் உடைமை என்பது இதன் உட்கிடை.

வால்ட்டர் பென்யமின் போதலேர் பற்றிய தம் கட்டுரையில், சூதாடியின் கையசைவை இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியின் அசைவோடு ஒப்பிட்டார். ஒவ்வோர் அசைவும் முந்தியதினின்று துண்டிக்கப்பட்டது; அனுபவம் சேர்வதில்லை. சுழல்வட்டச் சூதுக்கு இது முற்றிலும் பொருந்தும். சுற்றுப்போட்டிக்கு இது பாதியே பொருந்துகின்றது. சீட்டு ஒவ்வொருமுறையும் புதிதாகக் கலைக்கப்படுவது உண்மை, காய்க்குவியல் கலைக்கப்படுவதில்லை. கடந்தகாலம் அதிற் சேமிக்கப்பட்டுள்ளது. அனைவருக்கும் 1,500 என்னும் தொடக்கச் சமத்துவம் ஒரு மணிநேரத்தில் மறைந்து, ஒருவரின் அறைகூவல் மற்றவரின் அச்சமாகிவிடுகின்றது. வாழ்க்கையிலோ அத்தொடக்கச் சமத்துவமும் இல்லை.

நமது இலக்கிய மரபு இப்பொருளைப் பலவாறு தொட்டுள்ளது. திருக்குறளில் சூது என்னும் அதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைக்கப்பட்டுள்ளது; வெற்றியையே தூண்டிலிரையாகக் காண்கிறார் வள்ளுவர். மகாபாரத வனபருவத்து நளன் கதை இன்னும் நுட்பமானது. எண்ணறியாது ஆடி நாடிழந்த நளன், தான்றி மரத்தின் இலையையும் காயையும் கணத்தில் எண்ணிக் கூறவல்ல இருதுபன்னனிடம் அக்கலையைக் கற்றபின்பே மீண்டும் ஆடுகிறான். புட்கரனை ஒரே பணயத்தில் வெல்கிறான். கணித அறிவே சூதின் மாற்று மருந்து என்னும் எண்ணம் இங்குக் காணப்படுகின்றது. எனினும் முதலாட்டத்திலே தமயந்தியைப் பணயம் வைக்க மறுத்தவன், கணக்கறிந்த பின்னர் அவளையும் பணயத்தில் அடக்குகிறான். அறிவு ஆட்டத்தை மாற்றியது, உடைமையுறவை மாற்றவில்லை. அவ்வுறவைத் தொடுவது பாஞ்சாலியின் வினாவே: தன்னையே தோற்றவன் என்னை வைக்க உரிமையுடையனோ? காய் முழுவதையும் இழந்தவனுக்கு மேசையில் இடமில்லை என்னும் ஆட்டவிதியையே அவள் சபையின் முகத்துக்கு நேரே திருப்புகிறாள். 1912 இல் முதற்பாகம் வெளிவந்த பாரதியின் பாஞ்சாலி சபதம் அடிமை நாட்டின் குரலாக ஒலித்ததற்கு இவ்வினாவும் ஒரு காரணமாம்.

5

போக்கர் திறனாட்டமா, வாய்ப்பாட்டமா என்னும் வழக்கு தமிழ்நாட்டில் அண்மையிலே பெரிதும் அடிபட்டது. அம்மாநில அரசு 2021 இற் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டே நீக்கியது. பின்னர் இயற்றப்பட்ட சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பாட்டங்களாகப் பட்டியலிட்டதை 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் திறன், வாய்ப்பு என்ற பேதமின்றிப் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்தது. இலங்கையில் 1889 ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் தெருவிலும் பொதுச் சூதாட்ட இடங்களிலும் ஆடுவோரைக் குற்றவாளிகளாக்கியது. கசினோத் தொழிலுக்கோ 2010 இல் தனிச்சட்டம் இயற்றி அனுமதிக்கு வழிவகுக்கப்பட்டது.

மேலே கண்ட கணக்கு இவ்வாதத்துக்கு ஒரு தெளிவைத் தரும். போக்கரிலே திறன் உண்டு என்பதில் ஐயமில்லை. 55 க்கும் 61 க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர் அறியாதவரை நெடுங்காலத்தில் வெல்வார். ஆனால் அத்திறன் பணத்தை உண்டாக்குவதில்லை. ஒருவரின் சட்டைப்பையிலிருந்து மற்றவரின் சட்டைப்பைக்கு மாற்றுகின்றது. இருபது பேர் செலுத்திய 11,000 ரூபாவில் அவர்களுக்குத் திரும்புவது 10,000 மட்டுமே. எஞ்சிய 1,000 ரூபா எந்தச் சீட்டையும் கையில் எடுக்காத ஒருவருக்குச் சேர்கின்றது. அவருக்குக் குமிழியும் இல்லை, அச்சமும் இல்லை. ஆட்டம் எவ்வளவு திறனுடையதாயினும் இருபது பேரும் ஒருங்கே வெல்லுதல் ஒருபோதும் இயலாது. எனவே ‘இது திறனா?’ என்பதைவிட ‘இத்திறன் யாருக்கு உழைக்கின்றது?’ என்பதே கேட்கத்தக்க வினாவாகும்.

இவ்விடத்தில் தோட்டத்துப் பெண்களின் சீட்டுக்கு மீள்வது பொருத்தமாகும். பத்துப் பேர் மாதம் 5,000 ரூபா வீதம் கட்டும் ஏலச்சீட்டில், பிள்ளையின் படிப்புக்கோ மருந்துக்கோ அவசரமுடையவள் 50,000 ரூபாவை 42,000 க்கு எடுக்க நேரிடலாம். அவசரத்துக்கு விலை இங்கும் உண்டு. இதனைப் பொன்னுலகமாகச் சித்திரிப்பது தவறு. ஆயினும் அவள் விட்டுக்கொடுத்த 8,000 ரூபா அந்த வட்டத்துக்குள்ளேயே பகிரப்படுகின்றது. எடுத்தவள் வெளியேற்றப்படுவதுமில்லை, இறுதிவரை கட்டும் பொறுப்போடு உள்ளேயே நிற்கிறாள். ஒருவர் வீழ்வதற்காக மூவர் காத்திருக்கும் மேசையன்று அது. குறைவாக உள்ளவர் செய்யவேண்டியதென்ன என்னும் வினாவுக்குப் போக்கர் தரும் விடை தனியாளின் கணக்கு; அக்கணக்கை நாம் அறிந்துகொள்ளல் நன்று. அதே சொல்லாற் சுட்டப்படும் மற்றைய சீட்டு வேறொரு விடையை நெடுங்காலமாகத் தந்துகொண்டிருக்கின்றது.