பிறர் பெற்ற பிள்ளைகள்

சுவிட்சர்லாந்தின் கிழக்கே அப்பென்ஸெல் மலைநாட்டில், புல்வெளிச் சரிவுகளுக்கு இடையே ட்ரோகன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்த மறுவருஷம், 1946 ஏப்ரல் மாதத்தில், அவ்வூரில் ஒரு குழந்தைகள் கிராமத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். அதற்கு வித்திட்டவர் வால்டர் ராபர்ட் கோர்ட்டி என்ற தத்துவ சிந்தனையாளர். காசநோய் கண்டு வைத்தியப் படிப்பை நடுவிலே விட நேர்ந்து, பிற்பாடு பத்திரிகைத் தொழிலுக்கு வந்த அவர், பீரங்கிகள் இன்னும் ஓயாத 1944 ஆகஸ்டில், ‘டூ’ என்னும் சஞ்சிகையில், தாய் தந்தையரையும் வீட்டையும் பறிகொடுத்து ஐரோப்பாவெங்கும் அலைகிற குழந்தைகளுக்கு, யுத்தத்திலிருந்து தப்பி நின்ற தம் தேசம் ஒரு கிராமத்தைக் கட்டிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். படித்தவர்கள் படித்ததோடு நிற்கவில்லை. பணம் சேர்ந்தது, தொண்டர்கள் வந்து மண் வெட்டினார்கள், ஹன்ஸ் ஃபிஷ்லி என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தபடி மரவீடுகள் எழுந்தன. 1799ஆம் வருஷம், பிரெஞ்சுப் படைகள் பாழாக்கிய ஸ்டான்ஸ் நகரில் ஏறக்குறைய எண்பது ஏழைக் குழந்தைகளைச் சில மாதங்கள் தம்மோடு வைத்துக் காப்பாற்றிய பெஸ்டலோஸியின் பெயரே கிராமத்துக்கும் இடப்பட்டது.

அந்தக் கிராமத்தின் அமைப்பிலே இருந்த ஒரு நுட்பம் இன்றைக்கும் சிந்திக்கத் தக்கது. பிரான்ஸ், போலந்து, ஹங்கேரி, இத்தாலி, ஜெர்மனி முதலிய தேசங்களிலிருந்து வந்த குழந்தைகளை அவர்கள் ஒரே பெருங்கூடத்தில் அடைத்துவிடவில்லை. ஒவ்வொரு நாட்டுக் குழந்தைகளுக்கும் தனி வீடு; அந்த வீட்டுக்கு அதே நாட்டிலிருந்து வந்த வீட்டுத் தாய் தந்தையர்; அடுப்பில் வேகிற பண்டமும், தூங்குமுன் கேட்கிற கதையும், பாடம் படிக்கிற மொழியும் பிறந்த நாட்டினுடையவை. வீட்டை விட்டு வெளியே வந்தால் நேற்றுவரை சத்துரு தேசமாயிருந்த நாட்டின் குழந்தை பக்கத்து வீட்டுக்காரன். ஒரு குழந்தைக்குச் சோற்றையும் கம்பளியையும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிரதியாக அதன் பாஷையை வாங்கிக்கொள்வது தர்மமாகாது என்பதை அந்த மலைமேல் கூடியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இந்தக் கிராமத்தில்தான், 1948 ஜூலை மாதத்தில், யுனெஸ்கோவின் அழைப்பின்பேரில், பல தேசங்களில் குழந்தைகள் இல்லங்களையும் கிராமங்களையும் நடத்தி வந்தவர்கள் கூடினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் நாட்டில் இடிந்த கட்டடங்களிலும் கைவிடப்பட்ட மாளிகைகளிலும் ஏதோ ஒருவிதமாகக் குழந்தைகளைக் கூட்டி வைத்து, முன்மாதிரி இல்லாத ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தவர்கள். இத்தாலியில் ரோமாபுரிக்கு அருகே சிவிட்டாவெக்கியாவில், கரோல்-ஆப்பிங் என்ற ஐரிஷ் பாதிரியாரின் முயற்சியால் தோன்றியிருந்த சிறுவர் குடியரசிலே, தெருவில் திரிந்த பையன்களே தங்களுக்கு நகரத் தலைவனைத் தேர்ந்தெடுத்து, தங்களுக்கென்று நாணயமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு அவ்வளவு அதிகாரம் தரலாமா, தருவதானால் அது விளையாட்டா மெய்யா என்பது அக்காலத்தில் இத்துறையில் இருந்தோரிடையே நிலவிய பெரிய விவாதம். அந்த மகாநாட்டின் பலனாகப் பிறந்த சர்வதேச சம்மேளனம், தன் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளால் எஃப்.ஐ.சி.இ. என்று இன்றளவும் வழங்கிவருகிறது.

இப்படி ஒரு சம்மேளனம் எதற்கு என்று கேட்பவர்கள், இத்தொழிலின் தனிமையை அறியாதவர்கள். பெற்ற தாய்க்குப் பிள்ளை வளர்ப்பிலே சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அவளுடைய தாயும் அத்தையும் அண்டைவீட்டுப் பாட்டியும் உண்டு. இருபது குழந்தைகளுள்ள இல்லத்தில் நடுநிசியில் கனவு கண்டு அலறுகிற ஒரு சிறுவனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பணியாளுக்கு யார் உண்டு? ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. நல்ல பழமொழிதான், ஆனாலும் அதிலே ஊரார் பிள்ளை, தன் பிள்ளையின் நன்மைக்கு ஒரு சாதனமாகவே நிற்கிறது. அந்தப் பிள்ளையை அதன் பொருட்டே கவனித்துப் பார்க்கிற அறிவு, பெருந்தன்மையினால் மட்டும் வந்துவிடுவதில்லை. ஒரு கைத்தொழிலைப் போல, செய்கிறவர் பக்கத்தில் நின்று, கண்ணால் கண்டு கற்க வேண்டியதாக இருக்கிறது.

ட்ரோகனில் கூடியவர்களுக்கு நடுவே இருந்திருக்க வேண்டிய ஒருவர் அப்போது உயிரோடில்லை. யானுஸ் கோர்ச்சாக் என்ற போலந்து வைத்தியர், வார்ஸாவில் 1912 முதல் நடத்திவந்த யூதக் குழந்தைகள் இல்லத்தில், குழந்தைகளே நீதிபதிகளாக அமர்ந்த ஒரு நியாயசபையை வைத்திருந்தார். தாம் குற்றம் செய்ததாகக் குழந்தைகள் முறையிட்டபோது தாமும் அதன்முன் நின்றார். நாஜிகள் அடைத்த யூதச் சேரிக்குள் பட்டினியும் நோயும் சூழ்ந்திருந்த 1942 ஜூலை 18ஆம் தேதியன்று, அவர் இல்லத்துக் குழந்தைகள் நடித்த நாடகம் நம் ரவீந்திரநாத தாகூரின் ‘தபால் நிலையம்’ என்பதை நினைக்கும்தோறும் மனம் கனக்கிறது. வெளியே போக முடியாத ஒரு நோயாளிச் சிறுவன் ஜன்னலருகே ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருந்து கண்மூடுகிற கதை அது. அடுத்த மாதமே அக்குழந்தைகள் சுமார் 200 பேரோடு அவரும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேறினார். உலகம் அவர் பெயரை மட்டுமே அதிகம் சொல்கிறது. இல்லத்தின் அன்றாடப் பாரத்தை முப்பது வருஷம் சுமந்து, 1939இல் பத்திரமான பாலஸ்தீனத்தில் இருந்தவர் வார்ஸாவுக்கே திரும்பிவந்து, அதே பயணத்தில் சேர்ந்து மடிந்த ஸ்டெஃபானியா வில்சின்ஸ்காவின் பெயரையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

யுத்தத்துக்குப் பின் இத்தொழிலுக்கு வந்த பெரிய சோதனை, ஒரு புத்தகத்தின் உருவில் வந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வேண்டுகோளின்பேரில் ஆங்கில மனோதத்துவ வைத்தியர் ஜான் பௌல்பி பல நாடுகளுக்குச் சென்று நிபுணர்களோடு கலந்து 1951இல் வெளியிட்ட அறிக்கை, தாயின், அல்லது தாய்க்கு ஈடான ஒருவரின், இடையறாத அன்புறவு கிடைக்காத சிசு மனத்தில் ஊனமுறுகிறது என்று எடுத்துக் காட்டியது. இல்லங்களில் உழைத்தவர்களுக்கு இது நெஞ்சில் தைத்த சொல். ஆயினும் அதற்கு ஐந்து வருஷம் முன்பே, புடாபெஸ்ட் நகரின் லோட்ஸி வீதியில், எம்மி பிக்லர் என்னும் குழந்தை வைத்தியர் ஒரு சிசு இல்லத்தைத் திறந்து, இதே நோய்க்குத் தம் வழியில் மருந்து தேடிக்கொண்டிருந்தார்.

கைத்திறமும் வேகமும் படைத்த பயிற்சி பெற்ற தாதியரை அவர் விரும்பவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு, கற்றுக்கொள்ள மனமுள்ள இளம்பெண்களை அமர்த்தினார். குழந்தையைத் தூக்குமுன் அதன் முகத்தைப் பார்த்து, தூக்கப்போவதைச் சொல்லி, அது உடம்பால் பதில் தரும்வரை ஒரு கணம் காத்திருக்க வேண்டும். சட்டை மாட்டும்போது கையைப் பிடித்துத் திணிக்காமல், குழந்தை தானே கையை நீட்டப் பொறுத்திருக்க வேண்டும். குளிப்பாட்டும் நேரத்திலும் துணி மாற்றும் நேரத்திலும் பார்வை வேறெங்கும் போகலாகாது. நாள் முழுதும் எல்லாக் குழந்தைகளையும் மடியில் வைத்திருக்க முடியாது என்பதால், உடம்பைத் தொடுகிற அந்தச் சில நிமிஷங்களை முழுமையாக அக்குழந்தைக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். நம் பழைய அகப்பாட்டு மரபு, பெற்றவளுக்கு நற்றாய் என்றும் வளர்த்தவளுக்குச் செவிலித்தாய் என்றும் பெயர் வைத்து, வளர்த்தவளுக்கும் தாய் என்ற சொல்லை மறுக்காமல் கொடுத்ததை நான் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

லோட்ஸி வீதியின் அந்த இல்லம் இரும்புத் திரைக்கு அப்பால் இருந்தது. பெற்றோரைப் பிரிந்த சிசுக்களைப் பாரிஸில் வருஷக்கணக்காக ஆராய்ந்த மிரியம் தாவித், ஜெனவியேவ் அப்பெல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்மணிகள் அங்கே போய், நாட்கணக்கில் மௌனமாக உட்கார்ந்து, பணிப்பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து 1973இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். அதற்குப் பிறகே மேற்கு ஐரோப்பாவின் சிசு இல்லங்கள் பலவற்றுக்கும் லோட்ஸியின் வழக்கங்கள் பரவலாகச் சென்றன. சர்வதேச ஒத்துழைப்பு என்ற கனத்த சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எல்லை கடந்தவர்கள் வளர்ப்பவர்கள். குழந்தைகள் தங்கள் தொட்டிலிலேயே இருந்தார்கள்.

நேர்மாறாக நடந்ததும் உண்டு. 1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசாங்க விடுதிகளில் கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பதை உலகம் கண்டது. இரக்கம் பெருகிற்று, பெருகிய வேகத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் போதிய விசாரணையுமின்றி அயல்நாடுகளுக்குத் தத்துப் போனார்கள், சிலர் கையில் அது வியாபாரமாகவும் ஆயிற்று. அந்நியநாட்டுத் தத்தெடுப்பைக் கட்டுப்படுத்தும் 1993ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கைக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். பிற்பாடு அதே ருமேனியாவில், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் உள்ளூர்ப் பணியாளர்களோடு சேர்ந்து 136 குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து, விடுதியிலிருந்து உள்நாட்டு வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றவர்கள் தேறியதையும், இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் அதிகம் தேறியதையும் நிலைநாட்டினார்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகள், வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்று சொல்வதற்குப் பின்னால் இத்தகைய அனுபவங்கள் பல நிற்கின்றன.

ட்ரோகனுக்கே திரும்புகிறேன். திபெத்திலிருந்து அகதிகள் இந்தியாவுக்கு வந்த காலத்தில், சாலை போடும் முகாம்களில் பெற்றோர் கல்லுடைத்துக்கொண்டிருக்க, நலிந்துபோன 51 குழந்தைகளை 1960 மே மாதம் தர்மசாலாவுக்குக் கொண்டுவந்தார்கள். தலாய் லாமாவின் தமக்கை ஸெரிங் டோல்மா அவர்களைப் பார்த்துக்கொண்டார். அதே வருஷம் திபெத்தியச் சிறுவர்களின் ஒரு குழு ட்ரோகனுக்கும் போயிற்று. பழைய முறைப்படியே அவர்களுக்குத் திபெத்திய வீடும், திபெத்தியப் பெரியவர்களும், தாய்மொழியும் இருந்தன. ஆனால் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வேறொரு ஏற்பாட்டின்படி, 150க்கும் அதிகமான திபெத்தியக் குழந்தைகள் சுவிஸ் குடும்பங்களுக்கு ஒருவர் ஒருவராகப் பகிர்ந்தளிக்கப்பட்டார்கள். அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடிருந்தார்கள். சுவிஸ் பெற்றோரிடம் அன்புக்குக் குறைவில்லாமல் வளர்ந்தவர்களும் உண்டு; அவர்களில் ஒருவர் வளர்ந்து ஆளானபின் இந்தியாவுக்கு வந்து தாயைச் சந்தித்தபோது, தாய் பேசியது மகனுக்கு விளங்கவில்லை, மகன் பேசியது தாய்க்கு விளங்கவில்லை, இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உட்கார வேண்டியிருந்தது.